மேசைக் கடலில் கண்ட தளபதி

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள எமது பண்டாரவளையில் கப்பல் என்றால் அது பாடப்புத்தகத்துப் படம்தான். இங்கே இருந்துகொண்டு ஒரு கடற்படைத் தளபதியின் வாழ்க்கையை எழுத முனைவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனாலும் அவர் போரிட்ட கடல் நமக்கு அந்நியமான கடலன்று. திருகோணமலை, மட்டக்களப்பு, நாகப்பட்டினம், கடலூர் என்று நாம் பெயர் அறிந்த கரைகளுக்கு முன்னால்தான் அவர் தம் வாழ்வின் முக்கியமான பதினாறு மாதங்களைக் கழித்தார். பியெர் அந்த்ரே த சுஃப்ரென் என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டவர்.

அவரைப் பற்றி நான் அறிந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பல்கலைக்கழக விடுமுறையில் வந்த நானா, தேய்ந்துபோன இறப்பர்ச் செருப்புகளை வெட்டி விரல் நீளத்தில் கப்பல்கள் செய்தார். ஈர்க்குத் துண்டு பாய்மரமாயிற்று, பழைய கலண்டர்த் தாள் பாயாயிற்று. உம்மாவின் நீலக் கட்டில் விரிப்புத்தான் கடல். பாய்க்கப்பல் காலத்துக் கடற்போர்களை இப்படிச் சிறிய கப்பல்களை வைத்து மேசையில் விளையாடுவது வெளிநாடுகளில் பெரியவர்களே ஈடுபடும் பொழுதுபோக்கு. அதற்கென்று கடைகளில் விற்கும் அழகான கப்பல்களின் விலை எங்கள் கைக்கு எட்டாது. செருப்புக் கப்பல்களும் அதே விதிகளின்படிதான் ஓடும்.

இது வெறும் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஜோன் கிளார்க் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1728 இல் பிறந்த இந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு வணிகர். கடற்படையில் ஒரு நாளும் வேலை செய்தவரல்லர். ஆயினும் சிறு கப்பல் மாதிரிகளை மேசையில் வைத்து நகர்த்தி நகர்த்தி, ஆங்கிலேயக் கடற்படை ஏன் போர்களில் வெற்றியை முழுமையாகப் பெறமுடியாமல் தவிக்கிறது என்று ஆராய்ந்தார். கடற்போர் முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1790 இல் வெளியானது. கடலுக்குப் போகாதவரும் கடற்போரை யோசிக்கலாம் என்பதற்கு அவரையே நான் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

விளையாட்டின் அடிப்படை காற்று. மேசையின் ஓர் ஓரத்தில் மட்டையில் வெட்டிய அம்பு ஒன்று இருக்கும். அது காட்டும் திசைக்கு எதிராக எந்தக் கப்பலும் நேரே போகமுடியாது. சரிந்து சரிந்துதான் போகலாம். காற்று வரும் பக்கத்தில் நிற்கும் அணி விரும்பிய நேரத்தில் எதிரிமேல் இறங்கலாம். மற்ற அணி காத்திருக்க வேண்டும். இரண்டாவது விடயம் பீரங்கி. 74 பீரங்கிக் கப்பல் என்றால் ஒரு பக்கத்துக்கு 37 பீரங்கிகள். முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, பக்கவாட்டைக் காட்டியபடி செல்லும். எதிரியும் அவ்வாறே. இரண்டு வரிசைகளும் சமாந்தரமாகச் சென்று நாள் முழுவதும் சுட்டுவிட்டு, இருட்டியதும் பிரிந்துபோகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பாலான கடற்போர்கள் இப்படித்தான் முடிவின்றி முடிந்தன. சுஃப்ரெனுக்கு இந்த முறை பிடிக்கவேயில்லை.

அவர் 1729 ஜூலை 17 ஆம் திகதி தென் பிரான்சின் சென் கன்னா என்னும் ஊரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். சொத்து மூத்தவருக்குப் போகும் காலம் அது. இளையவர்களுக்குத் தேவாலயம் அல்லது படை. பதினான்கு வயதில், 1743 இல், கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். 1747 இலும் 1759 இலும் இரண்டு போர்களில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கைதியாக இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

இடையில் மோல்டாத் தீவின் கிறிஸ்தவப் போர்வீரர் சபையிலும் அவர் பணியாற்றினார். மத்தியதரைக் கடலில் முஸ்லிம்களின் கப்பல்களுக்கு எதிராகப் போரிடுவதுதான் அந்தச் சபையின் வேலை. இப்படி வளர்ந்தவர் ஐம்பது வயதுக்குப் பின் மைசூர் ஹைதர் அலியின் கூட்டாளியாக இந்தியக் கரைக்கு வந்தது வரலாற்றின் வினோதங்களில் ஒன்று.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்சும் இங்கிலாந்தும் எதிரெதிராக நின்ற வேளை. 1781 மார்ச்சில் ஐந்து போர்க்கப்பல்களோடு சுஃப்ரென் கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார். வழியில் கேப் வேர்டே தீவுகளில், பொர்த்தோ பிராயா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேய அணியைக் கண்டார். அது போர்த்துக்கேயரின் துறைமுகம், போர்த்துக்கேயர் இந்தப் போரில் சேராதவர்கள். சுஃப்ரென் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் கப்டன்மாரைக் கூட்டிப் பேசவுமில்லை. நேராக உள்ளே புகுந்து எதிரிக் கப்பல்களின் நடுவே நங்கூரமிட்டுச் சுடத் தொடங்கினார். பின்னால் வந்தவர்களில் ஓரிருவர் மாத்திரமே உண்மையில் துணைக்கு வந்தனர். எதிரியை அழிக்க முடியவில்லை. ஆனாலும் தாக்குதலால் தாமதித்த ஆங்கிலேயருக்கு முன்பாக நன்னம்பிக்கை முனையை அடைந்து, ஒல்லாந்தரின் அந்தக் குடியேற்றத்தைக் காப்பாற்றிவிட்டார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நாளின் நகல் என்று எனக்குத் தோன்றுகிறது. கழுகுப் பார்வை, மின்னல் முடிவு, திரும்பிப் பார்த்தால் பின்னால் பாதிப் பேர் இல்லை.

மொரிசியஸ் தீவில் மற்றக் கப்பல்களோடு சேர்ந்தபோது அவர் இரண்டாம் நிலைத் தளபதிதான். இந்தியாவுக்கு வரும் வழியில் 1782 பெப்ரவரியில் முதல் தளபதி நோயால் இறந்தார். பொறுப்பு சுஃப்ரெனுக்கு வந்தது. எதிரே இருந்தவர் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். நிதானமானவர், தன் கப்டன்மாரின் நம்பிக்கையைப் பெற்றவர். ஒரு மாதத்துக்கு முன்தான் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையை அவர் பிடித்திருந்தார்.

இந்த இரண்டு பேரும் ஐந்து முறை மோதினார்கள். 1782 பெப்ரவரி 17 இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால். ஏப்ரல் 12 இல் இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிடியன் என்னும் பாறைத்தீவின் அருகே. ஜூலை 6 இல் நாகப்பட்டினம். செப்டெம்பர் 3 இல் திருகோணமலை. கடைசியாக 1783 ஜூன் 20 இல் கடலூர். ஐந்து போரிலும் எந்தப் பக்கமும் மற்றதன் ஒரு போர்க்கப்பலைக்கூடப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். சுஃப்ரெனின் நிலையை மேசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஹியூஸுக்குச் சென்னையும் பம்பாயும் இருந்தன. சுஃப்ரெனுக்குக் கப்பல் திருத்த ஒரு துறைமுகமில்லை. முறிந்த பாய்மரத்துக்கு மாற்றாகச் சிறிய கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் பூட்டினார். நாகப்பட்டினப் போருக்குப் பின் கடலூரில் வீடுகளைப் பிரித்துக்கூட மரம் எடுத்தார். அவை யாருடைய வீடுகள் என்று எந்தக் கடற்படை நூலும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. எங்கள் விளையாட்டில் பழுதான கப்பலைத் திருத்த ஒரு முறை ஆட்டத்தைத் தவறவிட்டால் போதும்.

அந்த ஜூலையில்தான் ஹைதர் அலியை அவர் நேரில் சந்தித்தார். சுஃப்ரென் குள்ளமானவர், மிகப் பருமனானவர், உடையைப் பற்றிக் கவலையற்றவர். பிற்பாடு திருகோணமலையில் அவரிடம் கைதியாக இருந்த வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேயர், அவரைப் பார்த்தால் ஓர் இறைச்சிக்கடைக்காரரைப் போல இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். இந்த உடம்போடு தரையில் சம்மணமிட்டு அமரச் சிரமப்பட்டவருக்காக ஹைதர் அலி மெத்தைகள் கொண்டுவரச் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. இரண்டு பேருக்கும் எதிரி ஒருவரே என்பதுதான் நட்பின் அத்திவாரம். இருந்தாலும் ஒருவரையொருவர் மதித்தார்கள் என்றே தோன்றுகிறது.

பின்னர் அவருடைய மிகச் சிறந்த செயல். ஹியூஸ் சென்னையில் கப்பல் திருத்திக்கொண்டிருக்க, சுஃப்ரென் மட்டக்களப்பு வழியாக வந்து ஓகஸ்ட் 25 இல் திருகோணமலைக் கடலுக்குள் நுழைந்தார். படைகளை இறக்கிக் கோட்டையை முற்றுகையிட்டார். எந்த நேரமும் ஹியூஸ் வந்துவிடலாம் என்பதால் தாராளமான நிபந்தனைகளைக் கொடுத்து, மாத முடிவுக்குள் இரண்டு கோட்டைகளையும் பெற்றுக்கொண்டார். செப்டெம்பர் 2 ஆம் திகதி ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

மறுநாள் நடந்த போரைத்தான் பெருநாள் விடுமுறையில் நாங்கள் விளையாடினோம். பிரெஞ்சுக் கப்பல்கள் 14, ஆங்கிலேயக் கப்பல்கள் 12. சாச்சாவின் பிள்ளைகளும் மாமியின் பிள்ளைகளும் சேர்ந்ததால் ஆளுக்கு மூன்று நான்கு கப்பல்கள். நானா ஒரு கடுமையான விதியை வைத்தார். தளபதி தன் கப்டன்மாரோடு பேசக்கூடாது. கொடிச் சைகைக்குப் பதிலாக மூன்று சொல் எழுதிய துண்டு மட்டும் அனுப்பலாம். இடையில் புகை, அதாவது பஞ்சு, இருந்தால் துண்டு போய்ச்சேராது. எல்லோரும் தங்கள் நகர்வை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதிய பின் மாற்றமில்லை.

காற்றைச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் நாம் அனுபவிக்கும் அந்த வறண்ட காற்றைக் கிழக்கு மாகாணத்தவர் கச்சான் என்பார்கள். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மைக் கடந்து கிழக்குக் கடலுக்கு இறங்கும் தென்மேல் பருவக்காற்று அது. 1782 செப்டெம்பர் 3 ஆம் திகதி காலையில் திருகோணமலையில் வீசியதும் தென்மேல் காற்றுத்தான். அது சுஃப்ரெனுக்குச் சாதகம், காற்று வரும் பக்கம் அவருடையது. ஹியூஸ் சண்டைக்கு நிற்காமல் தன் வரிசையைக் குலையவிடாமல் கரையைவிட்டு விலகி விலகிப் போனார். மணிக்கணக்காக அவரைத் துரத்தியதில் பிரெஞ்சு வரிசை சிதறியது. சிலர் முன்னே ஓடினர், சிலர் பின்தங்கினர். ஒழுங்குபடுத்தச் சுஃப்ரென் சைகைமேல் சைகை காட்டினார். பிற்பகலில் பொறுமையிழந்து, தன் சைகையைக் கவனிக்கச் செய்வதற்காக ஒரு பீரங்கியை வெடிக்கச் சொன்னார். அவருடைய கப்பலின் பீரங்கி வீரர்களோ அதைச் சண்டை தொடங்கும் உத்தரவு என்று எண்ணி ஒரு பக்கப் பீரங்கிகள் அனைத்தையும் வெடித்துவிட்டனர். மற்றக் கப்பல்களும் சுடத் தொடங்கின. வரிசை அமையாமலேயே போர் ஆரம்பித்துவிட்டது.

வீரன் எனப் பொருள்படும் ஏரோ என்பது அவர் கப்பல். அதுவும் இலுஸ்த்ர், அஜாக்ஸ் என்ற இரண்டு கப்பல்களும் மட்டும் ஆங்கிலேய வரிசையின் நடுப்பகுதியோடு நெருங்கிச் சிக்கிக்கொண்டன. ஏரோவின் நடுப் பாய்மரம் முறிந்து கொடியோடு விழுந்தது. சரணடைந்துவிட்டார் என்று எண்ணி ஆங்கிலேயர் ஆரவாரித்தனர். கப்பலிலுள்ள வெள்ளைக் கொடிகள் அனைத்தையும் கொண்டுவந்து சுற்றிலும் கட்டுமாறு சுஃப்ரென் கத்தினாராம். அன்றைய பிரெஞ்சுக் கடற்படையின் கொடி வெள்ளை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை தலைகீழாகிவிடும். மாலை ஐந்தரை மணியளவில் காற்றுத் திடீரெனக் கிழக்குப் பக்கமாகத் திரும்பியது. இருட்டியதும் ஹியூஸ் சென்னை நோக்கிப் போனார். கோட்டை பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது.

பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்கள் 82 பேர். அவர்களில் 64 பேர் அந்த மூன்று கப்பல்களில் இருந்தவர்கள். மற்றப் பதினொரு கப்பல்களிலும் சேர்த்து 18 பேர். ஆங்கிலேயரில் இறந்தோர் 51. இந்தக் கணக்கை வைத்துத்தான் சுஃப்ரெனும் அவருக்குப் பின் வந்த பலரும் மற்றக் கப்டன்மாரைக் கோழைகள் என்றும் துரோகிகள் என்றும் குற்றஞ்சாட்டினர். போரின் பின் சில கப்டன்மார் பதவியை விட்டு விலகிச் சென்றனர்.

நான் இதை முழுமையாக ஏற்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் முன்வரிசைக் கப்பல்கள் என்னுடையவை. தளபதியாக இருந்த சாச்சாவின் மகன் அனுப்பிய துண்டில் நெருங்கு என்று மட்டும் இருந்தது. எதை நெருங்க? எதிரியின் முன்பக்கத்தையா, பின்பக்கத்தையா? நான் திரும்பிவர முயன்றபோது நானா பகடையை உருட்டிக் காற்று ஓய்ந்துவிட்டது என்றார். உண்மைப் போரிலும் முன்னால் சென்ற பிரெஞ்சுக் கப்பல்கள் காற்றின்றித் திரும்ப முடியாமல் நின்றன. தளபதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் வேண்டுமென்றே ஒதுங்கி நிற்பதுபோலத்தான் தெரிந்திருக்கும். சாச்சாவின் மகன் அன்று பின்னேரத் தேநீர் வரை என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

சிலர் உண்மையிலேயே பின்வாங்கினார்கள். நாகப்பட்டினத்தில் ஒரு கப்டன் சரணடையக் கொடியை இறக்க, அவருடைய அதிகாரிகளே அதை மறுத்துப் போரைத் தொடர்ந்தார்கள். அவரைப் பற்றி வாதமில்லை. ஆனால் எதிரியின் வரிசையில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து இரண்டு பக்கமும் சூழ்ந்து அடிப்பது என்ற சுஃப்ரெனின் திட்டம் அக்காலத்துக்குப் புதியது. வாழ்நாள் முழுவதும் வரிசையைக் குலைக்காதே என்று பழகிய மனிதர்களுக்கு அதை உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நைல் நதி முகத்தில் வென்ற நெல்சன், தன் கப்டன்மாரை அடிக்கடி அழைத்துப் பேசி மனத்திலுள்ளதைப் பகிர்ந்துகொண்டவர். சுஃப்ரென் பேசவில்லை, திட்டினார். அவருடைய அறிவு அவருடைய கப்பலுக்குள்ளேயே இருந்துவிட்டது. நானா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். துறைமுகமும் இல்லாமல், உதவியும் இல்லாமல், ஐந்து போரில் அணியைச் சிதையாமல் வைத்திருந்தவரிடம் பேச்சுச் சாமர்த்தியமும் எதிர்பார்ப்பது அநியாயம் என்பது அவர் கட்சி.

எங்கள் ஆட்டத்தில் பிடிபட்ட கப்பலைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவோம். சுஃப்ரெனின் அணியும் போர்களுக்கு வெளியே கப்பல்களைப் பிடித்ததுண்டு. 1782 ஜனவரியில் இந்தியாவுக்கு வரும் வழியில் பிடித்த ஹனிபல் என்ற 50 பீரங்கிக் கப்பல் அவற்றில் ஒன்று. அதில் இருந்தவர்களை என்ன செய்வது? அவர்களுக்கு உணவு வேண்டும், காவல் வேண்டும். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயரிடம் சுஃப்ரென் கேட்டார். பதில் இழுபட்டது. கடைசியில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேய மாலுமிகளை அவர் ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். இரண்டு முறை கைதியாக இருந்து உயிரோடு வீடு திரும்பிய அதே மனிதர்.

அவர்களில் ஜேம்ஸ் ஸ்கரி என்பவன் ஹனிபல் கப்பலில் இருந்த சிறுவன். வயது பதினைந்து, பதினாறு. சிதம்பரத்தில் அடைக்கப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டினம் வரை கொண்டுசெல்லப்பட்டான். இளையவர்களைப் பலவந்தமாக மதம் மாற்றினார்கள் என்றும் அவன் எழுதியிருக்கிறான். எமது மார்க்கம் அனுமதிக்காத காரியம் அது. திப்பு சுல்தானின் வீரத்தைப் பெருமையோடு படிக்கும் நாம் இந்தப் பக்கத்தையும் புரட்டாமல் விடக்கூடாது. சுஃப்ரெனுக்கு வேறு வழியில்லை என்பார்கள். கடலில் அத்தனை வழிகளைக் கண்டுபிடித்தவருக்கு இதில் மட்டும் வழி கிடைக்கவில்லை.

மீதியை விரைவாகச் சொல்லலாம். வாடைக் காலத்தைச் சுமாத்திராவின் ஆச்சேயில் கழித்துவிட்டுத் திரும்பினார். அதற்கிடையில் 1782 டிசெம்பர் 7 இல் ஹைதர் அலி இறந்துவிட்டார். 1783 ஜூன் மாதம் கடலூரில் ஆங்கிலேயர் 18 கப்பல்களோடு நின்றபோது சுஃப்ரெனிடம் 15 தான். ஆள் பற்றாக்குறைக்குக் கரையிலிருந்த படையில் 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். அந்தப் போரில் ஹியூஸ் விலகிச் செல்ல, கடலூர் தப்பியது. ஒன்பது நாட்களில் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்தது. திருகோணமலை ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1795 இல் ஆங்கிலேயர் மறுபடி அதைப் பிடித்துக்கொண்டனர். இத்தனை கைமாற்றத்திலும் அந்த ஊரவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் 1783 டிசெம்பரில் நன்னம்பிக்கை முனையில் சுஃப்ரென் நங்கூரமிட்டார். அங்கே நின்ற ஆங்கிலேயக் கப்பல்களின் கப்டன்மார், அவரோடு ஐந்து முறை போரிட்டவர்கள், அவருடைய கப்பலுக்கு வந்து மரியாதை செலுத்தினார்கள். பிரான்சில் வரவேற்புகளும் பதவியும் காத்திருந்தன. 1788 டிசெம்பர் 8 ஆம் திகதி பாரிஸில் இறந்தார். ஐந்து ஆண்டுகளின் பின் புரட்சிக்காரர் அவருடைய கல்லறையை உடைத்தனர். பிரான்சின் புதிய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அதற்குக் காற்றும் வேண்டாம்.

ஆங்கிலேயக் கப்டன்மார் அவருக்கு மரியாதை செலுத்திய அந்த டிசெம்பரில் ஜேம்ஸ் ஸ்கரி மைசூர் நாட்டில் கைதியாக இருந்தான். அவன் தப்பி வெளியேறியபோது சுஃப்ரென் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுடைய கதை 1824 இல் நூலாக வந்தது.